பற்சக்கரத்தைக் காக்கும் ரப்பர்த் துண்டு

கிணற்றிலிருந்து மேலே வரும் நீர் நிறைந்த வாளியைத் தாம்புக்கயிறு எளிதாகத் தாங்குகிறது. அதே வாளியைக் கையால் ஒரு முழம் தூக்கி, கயிறு தொய்ந்திருக்கும்போது விட்டுவிடுங்கள். சற்றே நைந்த கயிறானால் அறுந்துவிடும். நீரின் எடை கூடவில்லை. அது கயிற்றின்மேல் வந்து சேர்ந்த விதம்தான் மாறியது.

மோட்டார் சைக்கிளின் பற்சக்கரங்களுக்கும் இதே தொல்லை உண்டு. ஒற்றைச் சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரிபொருள் எரிந்து உந்துகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் சுழன்றால் நொடிக்கு 25 உந்தல்கள். பற்களுக்கிடையே எண்ணெய்க்காகவும், சூட்டில் விரிவதற்காகவும் சிறிது இடைவெளி விட்டிருப்பார்கள். சங்கிலியிலும் தொய்வு உண்டு. ஆக்சிலேட்டரை மூடித் திறக்கும்போது, உந்தும் பக்கம் மாறி, பல் அந்த இடைவெளியைத் தாண்டிச் சென்று எதிர்ப்பல்லை அடிக்கிறது.

இந்த அடி எவ்வளவு கடுமையானது? ஓர் உறுப்பின்மீது பாரத்தை மெல்ல ஏற்றினால் உண்டாகும் தகைவை 1 என்று கொள்வோம். அதே பாரத்தைத் திடீரென ஏற்றினால், அது 2 ஆகிறது. 1 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலோ, உறுப்பு எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்பதைப் பொறுத்தது. மெல்ல ஏற்றும்போது 0.1 மி.மீ. மட்டுமே வளையும் உறுப்பானால் ஐந்தரை மடங்கு, 5 மி.மீ. அமுங்கும் உறுப்பானால் 2.2 மடங்குதான்! சுழலும் பற்சக்கரத்தில் கணக்கு இதைவிடச் சிக்கலானது என்றாலும் போக்கு இதுவே.

பற்களை இன்னும் கடினமாக்கினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எஃகைக் கடினமாக்கினால் தேய்மானம் குறையும்; ஆனால் நொறுங்கும் தன்மை கூடிவிடும். ஆகவேதான் பல்லின் மேற்பரப்பில் மட்டும் கார்பனை ஏற்றிக் கடினமாக்கி, உட்பகுதியை வலிவோடு வளைந்துகொடுக்குமாறு விடுகிறார்கள். அதற்கும் ஓர் எல்லை உண்டு.

எனவே, அடியை வழியிலேயே வாங்கிக்கொள்ள ஒரு மெத்தை தேவை. 1955-இல் சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது முதல் நமக்குப் பழக்கமான புல்லட் வண்டியைப் பாருங்கள். அதன் பின்சக்கரத்துச் சங்கிலிப் பற்சக்கரம், சக்கரத்தின் குடத்தோடு இறுக முடுக்கப்பட்டதன்று. அதிலுள்ள தகடுகள் குடத்துக்குள் ரப்பர்த் துண்டுகளுக்கிடையே செருகி நிற்கின்றன. சங்கிலி வெடுக்கென இழுக்கும்போது முதலில் ரப்பர் அமுங்கும். அதன் பிறகே சக்கரம் நகரும். அடியின் ஆற்றலில் ஒரு பகுதி ரப்பரில் வெப்பமாகிவிடுகிறது. கார்களின் கிளட்ச் தட்டில் வட்டமாக அமைந்திருக்கும் சுருள்வில்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

ரப்பர் நாளடைவில் அமுங்கித் தேய்ந்துவிடும். வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பின்சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு சங்கிலிப் பற்சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் லொடலொடவென ஆடினால், மெத்தை போய்விட்டது என்று பொருள்.

டிராக்டரால் இயங்கும் ரோட்டவேட்டர் கல்லில் மோதும் அடிக்கு ரப்பர் போதாது. அங்கே பல கருவிகளில் வேறு தந்திரம்: சுழல்தண்டின் இணைப்பில் வேண்டுமென்றே வலுக்குறைந்த ஒரு போல்ட்டை வைத்திருப்பார்கள். கல் சிக்கியதும் போல்ட் வெட்டுண்டு, கியர்ப்பெட்டி தப்பிவிடும். "இது அடிக்கடி அறுகிறதே" என்று சலித்துக்கொண்டு சிலர் உயர்ந்த எஃகுப் போல்ட்டை மாட்டிவிடுகிறார்கள். அடுத்த கல்லில் போல்ட் அறுவதில்லை. கியர்ப்பெட்டிக்குள் பல் முறிகிறது.