பாங்காக்கில் இருந்து காஞ்சனபுரி வரை: பெயர் தெரியாத தாத்தாவுக்கு ஒரு மாலை

செம்பூரில் நாற்பது ஆண்டுகள் குடியிருந்தும் நானும் என் மனைவியும் சேர்ந்து பார்த்த கடற்கரைகள் இரண்டுதான். ஒன்று ஜூஹு. மற்றொன்று, ஊருக்குப் போகும்போது வேளாங்கண்ணி. குமாஸ்தா வேலையில் இருந்து ஓய்வு பெற்றதும், சேர்த்து வைத்த பணத்தில் தாய்லாந்து போய் வந்தோம்.

மும்பையில் இருந்து கூட்டமாகப் போகிறவர்கள் நான்கைந்து நாளில் பாங்காக், பட்டாயா பார்த்துவிட்டுத் திரும்பி விடுவார்கள். நாங்கள் அவசரப்படவில்லை. பாங்காக்கில் ஆறு நாள், ஹுவா ஹின் கடற்கரையில் நான்கு நாள், காஞ்சனபுரியில் இரண்டு நாள் தங்கினோம்.

விருந்தாளி கோவில்

பாங்காக்கில் நாங்கள் முதலில் தேடிப்போனது சீலோம் சாலை மாரியம்மன் கோவில். 1879-ல் வைத்தி படையாட்சி என்ற தமிழர் தொடங்கிய கோவில் இது. வாசலில் சாமந்தி மாலை, தேங்காய், கற்பூரம். வாங்குகிறவர்களில் நம்மவர்களைவிடத் தாய்லாந்துப் பெண்களே அதிகம்!

ஊர்க்காரர்கள் இதை "வாட் கேக்" என்கிறார்கள். "வாட்" என்றால் கோவில். "கேக்" என்றால் விருந்தாளி. இந்தியர்களையும் அதே சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். "மதராசி" என்று கேட்டே பழகிய காதுக்கு அது இனிமையாகவே இருந்தது.

பழைய நகரில் வானளாவ ஒரு சிவப்பு ஊஞ்சல் கம்பம் நிற்கிறது. 1935-ல் ஊஞ்சல் ஆடுவது நின்றுவிட்டது. ஆனால் அரசவைப் பிராமணர்கள் நடத்தும் சடங்கின் பெயர் இன்றும் "திரியம்பவாய் - திரிப்பவாய்". ஆம், நம் திருவெம்பாவையும் திருப்பாவையும்தான்!

சாப்பாட்டுக்கு ஒரு யோசனை. அங்கே காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். சைவம் வேண்டுவோர் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துள்ள "ஜே" கடைகளைத் தேடிப் போகலாம்.

கவலைக்கு அப்பால்

பாங்காக்கில் இருந்து ஹுவா ஹின் சுமார் 200 கிலோமீட்டர். மூன்றாம் வகுப்பு ரயிலில் போனோம். வழியில் நோங் பிளாடுக் என்ற சிறிய சந்திப்பு வந்தது. பெயர்ப்பலகையைப் பார்த்ததும் என் மனைவி பேச்சை நிறுத்தினாள்.

"என்னங்க, இங்கிருந்துதானே அந்த ரயில் பாதை தொடங்குது?" என்றாள்.

ஹுவா ஹினில் நீண்ட மணல்வெளி, அமைதியான அலை. ஜூஹுவைப்போல் சவாரிக் குதிரைகளும் உண்டு. 2023 டிசம்பரில் உயரமான புதிய ரயில் நிலையம் வந்துவிட்டது. அழகான பழைய மர நிலையத்தை இடிக்காமல் காத்து வருகிறார்கள். அருகே "கிளாய் காங்வோன்" அரண்மனை. கவலைக்கு அப்பால் என்று பொருள். 1932-ல் பாங்காக்கில் புரட்சி நடந்து தன் முழு அதிகாரம் பறிபோன சேதி, மன்னர் பிரஜாதிபோக்கை எட்டியது இந்த ஊரில்தான்! கவலை கடற்கரைக்கும் வரத்தான் செய்கிறது.

பேர் இல்லாதவர்கள்

என் மனைவியின் பெரிய தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். 1941-க்குப் பிறகு கடிதம் வரவில்லை. ஜப்பான்காரன் ரயில் போடப் பிடித்துப்போனான் என்று மட்டும் யாரோ வந்து சொன்னார்களாம்.

அந்த ரயில்தான் சயாம் மரண ரயில். 1942-43-ல் நோங் பிளாடுக்கில் இருந்து பர்மா வரை 415 கிலோமீட்டர் பாதை போட்டார்கள். காலரா, பசி, அடி. போர்க் கைதிகள் சுமார் 12,000 பேர் மாண்டனர். மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் ஒரு லட்சத்தை நெருங்கலாம் என்கிறார்கள். அவர்களில் தோட்டத் தமிழர்கள் ஏராளம்.

காஞ்சனபுரி போர் வீரர் கல்லறையில் வரிசையாகச் சுமார் 7,000 கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பேர், வயது, படைப்பிரிவு எல்லாம் இருக்கின்றன. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் நம் தொழிலாளிக்கு அங்கே கல் கிடையாது.

அதே ஊரில் ஒரு புத்தர் கோவிலில், 2023 மே மாதம் தமிழ்த் தொழிலாளர்களுக்கு நடுகல் எழுப்பப்பட்டது. எண்பது ஆண்டுகள் கழித்து! என் மனைவி தெருவில் வாங்கிய மல்லிகை மாலையை அங்கே வைத்தாள். வெகுநேரம் நின்றாள்.

"பேர் இல்லாட்டியும் பரவாயில்லீங்க. அழுறதுக்கு ஓர் இடம் கிடைச்சுதே" என்றாள்.

நாமும் பிழைக்க ஊர் விட்டு வந்தவர்கள்தான். தாராவியானாலும் மாதுங்காவானாலும் நமக்கு ரேஷன் கார்டு, சங்கம், கோவில், கூப்பிட்டால் வர நாலு பேர் உண்டு. அவர்களுக்கு எதுவுமே இல்லை.

தாய்லாந்து போகும் மும்பைத் தமிழர்களே, விசா விதிகள் அடிக்கடி மாறும். விசாரித்துக் கொண்டு கிளம்புங்கள். கடலும் கடைத்தெருவும் பாருங்கள். கூடவே ஒரு நாளைக் காஞ்சனபுரிக்கு ஒதுக்குங்கள். போகும்போது ஒரு மாலை வாங்கிக் கொள்ளுங்கள்.