கையை நீட்டச் சொல்லும் சட்டம்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் அறுபதைத் தாண்டியவர்களின் கையைப் பார்த்தால் அம்மை குத்திய தழும்பு காசு அளவில் தெரியும். அம்மை குத்த ஆள் வருகிறார் என்றதும் பிள்ளைகளை ஒளித்துவைத்த கதைகளும் அவர்களிடம் உண்டு. பயந்துகொண்டே குத்திக்கொண்டார்கள், பெரியம்மை ஒழிந்தது.

அந்தக் காலத்துச் சட்டமொன்று கொரோனா நாளில் மறுபடி வெளியே வந்தது. 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம். அரசியல் சாசனத்தைவிட 11 வயது மூத்தது. அதைக் காட்டித்தான் 2021 நவம்பரில் தமிழகப் பொது சுகாதாரத் துறை, கடை, தொழிற்சாலை போன்ற பொது இடங்களில் தடுப்பூசி போட்டவர்களை மட்டுமே அனுமதிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அன்றாடம் கூலிக்குப் போகிறவருக்கு அது ஊசி பற்றிய கேள்வி மட்டுமல்ல, அன்றைய சோறு பற்றிய கேள்வி.

குழந்தை மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில் இந்த உத்தரவும் உச்ச நீதிமன்றத்தின் பார்வைக்கு வந்தது. 2022 மே 2-இல் நீதிபதிகள் நாகேஸ்வர ராவ், கவாய் தீர்ப்பளித்தார்கள். ஒருவரின் உடல்மீது அவருக்குள்ள உரிமை, அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவுக்குள் அடங்கும். யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது. அதற்காக அரசின் கையையும் அவர்கள் கட்டிப்போடவில்லை. ஊரின் நலனுக்காகத் தனிமனிதர்மீது கட்டுப்பாடு விதிக்கலாம். ஆனால் அதற்குச் சட்டத்தின் துணை வேண்டும், நியாயமான தேவை வேண்டும், கட்டுப்பாடு அந்தத் தேவைக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். 2017-இல் அந்தரங்க உரிமை வழக்கில் வகுத்த அளவுகோல் இது.

தமிழகமும், இப்படித் தடை விதித்த மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களும் சறுக்கியது இந்த அளவுகோலின் கடைசிப் படியில். ஊசி போடாதவர், போட்டவரைவிட அதிகமாக நோயைப் பரப்புகிறார் என்பதற்கான தரவு எதையும் அரசுகள் நீதிமன்றத்தில் வைக்கவில்லை. ஆகவே அந்தத் தடைகள் அளவுக்கு மீறியவை என்றாயிற்று. மத்திய அரசின் தடுப்பூசிக் கொள்கையிலோ நீதிமன்றம் தவறு காணவில்லை. பக்கவிளைவுகளை மக்களும் மருத்துவர்களும் பதிவுசெய்ய வழி செய்யுங்கள் என்றும் உத்தரவிட்டது. தீர்ப்பில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிக முக்கியமான பகுதி இதுதான்.

கட்டாய ஊசி பற்றிய வழக்கு புதிதல்ல. அமெரிக்காவில் பெரியம்மை ஊசியை மறுத்தவருக்கு விதித்த 5 டாலர் அபராதம் செல்லும் என்று 1905-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கும் அபராதம்தான், கையைப் பிடித்துக் குத்தவில்லை.

அம்மை குத்திய காலத்துப் பயமும் முழுதாகப் போய்விடவில்லை. 2017-இல் தட்டம்மை, ரூபெல்லா ஊசி வந்தபோது வாட்ஸ்அப் வதந்தி தமிழகத்தில் பல பெற்றோரைக் கலங்கடித்தது. அந்தக் கலக்கத்தை உத்தரவு போட்டுத் தீர்க்க முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உட்கார்ந்து பேசும் கிராம சுகாதார செவிலியரால் முடியும்.

தடுப்பூசி நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தவறாமல் போங்கள். இது என்ன ஊசி, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பதில் பெறுவது உங்கள் உரிமை.