பலகாரச் சட்டியிலிருந்து விமானத்துக்கு

விமான எரிபொருள் ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 3.16 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. எரியும்போது காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்துகொள்வதால்தான் இந்த எடைக் கூடுதல். உலகக் கரியமில வாயுக் கணக்கில் விமானங்களின் பங்கு சுமார் 2.5 சதவீதம். சிறிய பங்குதான், ஆனால் உலக மக்களில் பெரும்பாலோர் விமானமே ஏறாத நிலையில் இவ்வளவு.

காரைப் போல விமானத்தையும் பேட்டரியில் ஓட்டலாமே என்றால், எடை குறுக்கே நிற்கிறது. ஒரு கிலோ எரிபொருளில் சுமார் 12 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் உண்டு. ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் கால் யூனிட் அளவே. போதாக்குறைக்கு, எரிபொருள் தீரத் தீர விமானம் இலேசாகும். பேட்டரியோ இறங்கும்வரை அதே கனம். 2020-ல் ஐரோப்பாவில் சான்று பெற்ற மின்விமானம் பயிற்சிக்கான இரண்டு இருக்கை விமானம்தான்.

ஆகவே இன்றைய நம்பிக்கை மாற்று எரிபொருளில் இருக்கிறது. பலகாரம் பொரித்து மிஞ்சிய எண்ணெயை ஹைட்ரஜனோடு வினைபுரியச் செய்து, அதிலுள்ள ஆக்ஸிஜனை நீக்கினால், விமான எரிபொருளுக்கு இணையான திரவம் கிடைக்கிறது. இன்ஜினை மாற்ற வேண்டியதில்லை; வழக்கமான பயணங்களில் பாதிக்குப் பாதி வரை கலக்க அனுமதி உண்டு. 2018 ஆகஸ்டில் டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஸ்பைஸ்ஜெட் விமானம் ஒன்று காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருளைக் கலந்து பறந்தது. 2023 நவம்பரில் வர்ஜின் அட்லாண்டிக் விமானம் முழுக்க மாற்று எரிபொருளிலேயே லண்டனிலிருந்து நியூயார்க் போய்ச் சேர்ந்தது. இதுவும் எரிந்தால் கரியமில வாயுவைத்தான் கக்கும். ஆனால் அந்தக் கரி, செடிகள் அண்மையில் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டது. நிலத்தடியிலிருந்து புதிதாக வந்ததல்ல.

சிக்கல் அளவில் இருக்கிறது. உலகத்துச் சமையலறைகளின் பழைய எண்ணெய் முழுவதையும் திரட்டினாலும் விமானங்களுக்குக் காணாது. எண்ணெய்க்காகவே காட்டை அழித்து எண்ணெய்ப்பனை வைத்தால் நோக்கமே கெட்டுவிடும். விலையும் பல மடங்கு. கலப்பு விகிதம் 2025-ல் 2 சதவீதம், 2050-ல் 70 சதவீதம் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கிறது. முதல் எண் எளிது; இரண்டாவதற்கு இப்போதைய வழிகள் போதா.

செலவு குறைந்த வழி ஒன்றும் உண்டு. விமானத்தின் பின்னால் நீளும் வெண்கோடுகள் பனித்துகள் மேகங்கள். பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுப்பவை. ஈரமான குளிர்காற்று அடுக்கைத் தவிர்த்துச் சற்று மேலோ கீழோ பறந்தால் அவை குறையும். 2023-ல் கூகுளும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் வெளியிட்ட சோதனை முடிவில் அவை பாதிக்குமேல் குறைந்திருந்தன.

பறப்பதையே குறைக்கும் யோசனையை அரசுகள் தொடத் தயங்குகின்றன. ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஊர்களுக்கிடையே உள்நாட்டு விமானங்களுக்கு பிரான்ஸ் 2023-ல் தடை விதித்தது. அதில் அடங்கியவை பாரிஸின் ஓர்லி நிலையத்திலிருந்து நாந்த், லியோன், போர்தோ செல்லும் மூன்று வழித்தடங்கள் மட்டுமே.