அனுபவம் சொன்னால் அப்படியே நடக்குமா?

"என் அனுபவத்துல சொல்றேன்" என்று பெரியவர் ஒருவர் ஆரம்பித்துவிட்டால், அதற்கு மேல் பேச்சில்லை. அவ்வளவு உறுதியானதா அனுபவம் தரும் அறிவு?

2004 டிசம்பர் 26 அன்று, சுனாமி வந்தபோது, நாகப்பட்டினம் கரையில் நின்றவர்களுக்குக் கடலைப் பற்றித் தெரியாததா? காற்றையும் நீரோட்டத்தையும் தலைமுறை தலைமுறையாகப் படித்தவர்கள். அவர்கள் அறிந்த கடல் ஒருநாளும் அப்படி ஊருக்குள் வந்ததில்லை. அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள்.

அந்தச் சுனாமியைக் கிளப்பிய நிலநடுக்கத்துக்கு மிக அருகிலிருந்த, இந்தோனேசியாவின் சுமத்ராவை ஒட்டிய சிமேலுவே தீவில், சுமார் 78,000 பேரில் இறந்தது 7 பேர். 1907-ல் அங்கே ஒரு பேரலை வந்திருந்தது. தப்பியவர்கள் அதை 'ஸ்மோங்' என்று சொல்லி, கதையாகவும் பாட்டாகவும் பேரப்பிள்ளைகளிடம் விட்டுப்போனார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு.

அந்தக் கணக்கு எப்போதும் பலிக்குமா? 2012 ஏப்ரல் 11 அன்று அதே வட்டாரக் கடலில் 8.6 அளவில் நிலம் ஆடியது, பேரலை வரவில்லை. ஆனால் அலை வந்தே தீரும் என்று கதை சொன்னவர்கள் சத்தியம் செய்யவில்லையே! வீணாக ஓடினால் கால் வலிக்கும். ஓடாமல் நின்றால் உயிர் போகும். எந்தப் பக்கம் தவறினால் பிழைக்கலாம் என்பதுதான் அனுபவம் தரும் பாடம். உறுதி அதன் கையில் இல்லை.

நமக்கும் அனுபவம் உண்டு. புகாரைக் கடல் கொண்டதை மணிமேகலை சொல்கிறது. காரணமாகச் சொல்வது, மன்னன் இந்திரவிழாவை மறந்ததை. நடந்தது நினைவில் நின்றது, எப்போது ஓடுவது என்பது நிற்கவில்லை. இத்தனைக்கும், கண்கூடாகக் கண்டதை மட்டுமே ஒப்பும் பூதவாதியிடம், 'உன் தாய் தந்தையரை ஊகத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய்?' என்று மடக்கும் நாயகியின் காப்பியம் அது.

சுனாமிக்குப் பின் பிறந்தவர்கள் இன்று கடலுக்குப் போகும் வயதில் இருக்கிறார்கள். 2007 முதல் எச்சரிக்கை அமைப்பு இருக்கிறதே, கதை எதற்கு என்பவர்களும் உண்டு. இருக்கட்டும். எச்சரிக்கை வந்தால் எந்தத் தெரு வழியே ஓடுவது என்று யார் சொல்வது? சிமேலுவே பாடம் நமக்கு அப்படியே பொருந்தாது. சுமத்ராவில் நிலம் பலமாக ஆடினாலும் நம் காலடியில் அவ்வளவு பலமாக ஆடாது. நம் கரைக்கு நம் கதைதான் வேண்டும்.

ஆண்டுதோறும் மெழுகுவத்தி ஏற்றுகிறோம், கடலில் பால் ஊற்றுகிறோம். அன்று தண்ணீர் எதுவரை ஏறியது, பிழைத்தவர்கள் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்பதை, கண்டவர்கள் இருக்கும்போதே ஊர் ஊராகக் கேட்டு, பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டும். இல்லையென்றால் அடுத்த தலைமுறைக்கு மிஞ்சுவது இன்னொரு இந்திரவிழாதான்.