ஃபேக்டரி என்றால் எத்தனை பேர்?

திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் காலை ஷிஃப்டுக்குப் போகிறவரைக் கேட்டால் "கம்பெனிக்குப் போறேன்" என்பார். "ஃபேக்டரிக்கு" என்பவர் குறைவு. அங்குள்ள ஆவின் நிலையமும் ஊர் வாயில் பால் பண்ணைதான். மாடு தேடிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஃபேக்டரி என்ற சொல் இன்று பேச்சில் புழங்குவதைவிடச் சட்டத்தில்தான் அதிகம் புழங்குகிறது. அங்கேயும் அதன் பொருள் ஓரிடத்தில் நின்றதில்லை.

லத்தீனில் 'ஃபாக்கெரே' என்றால் செய்தல். செய்பவர் 'ஃபாக்டர்'. உண்மைத் தகவலைக் குறிக்கும் 'ஃபேக்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இதுதான் வேர். செய்து முடித்த செயல் என்பதே அதன் முதல் பொருள். பிற்கால லத்தீனில் 'ஃபாக்டோரியம்' எண்ணெய் பிழியும் செக்கைக் குறித்தது. நம் ஆலையும் இதற்குப் பங்காளிதான்: பட்டினப்பாலையில் வரும் ஆலை கரும்பு பிழிகிற இடம். பஞ்சாலையும் உருக்காலையும் வெகுகாலம் கழித்து வந்தவை.

ஆங்கிலச் சொல் செக்கிலிருந்து நேரே எந்திரத்துக்கு வந்துவிடவில்லை. இடையில் வியாபாரத்துக்குப் போனது. வெளியூரில் முதலாளிக்காகச் சரக்கு வாங்கி விற்கும் முகவரை ஐரோப்பியர் ஃபேக்டர் என்றார்கள். அவர் தங்கிச் சரக்கைச் சேர்த்துவைக்கும் இடம் ஃபேக்டரி. தமிழில் பண்டகசாலை. அங்கே எதையும் உற்பத்தி செய்யவேண்டிய கட்டாயமில்லை.

அப்படிப்பட்ட ஃபேக்டரி ஒன்று இதே திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே கடலோரம் இருக்கும் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினார்கள். நெசவாளர் தம் வீட்டுத் தறியில் நெய்தார். ஃபேக்டரி அந்தத் துணியை வாங்கிக் கப்பலேற்றியது. தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் மிளகுக்கும் கிராம்புக்கும் ஈடாகப் போனது அந்தத் துணிதான். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் வெடிமருந்தும் தயாரித்தார்கள் என்பது வேறு கதை. 1639-ல் சென்னைக்கு இடம் பிடித்த பிரான்சிஸ் டே, பழவேற்காட்டு ஏரிக்கு வடக்கே ஆர்மகானில் இருந்த ஆங்கிலேய ஃபேக்டர். கும்பினி உத்தியோகத்தில் ரைட்டராகச் சேர்ந்தவர் அடுத்து ஃபேக்டர் ஆவார், பிறகு வணிகர். (அந்த ரைட்டர் நம் காவல் நிலையங்களில் இன்னும் இருக்கிறார்.) அன்று கம்பெனிக்கு ஃபேக்டரிகள் இருந்தன, இன்று ஃபேக்டரியே கம்பெனி ஆகிவிட்டது.

பொருள் தயாரிக்கும் இடத்துக்கு ஆங்கிலத்தில் 'மேனுஃபேக்டரி' என்றும் ஒரு சொல் உண்டு. 'மானுஸ்' என்றால் கை; ஆக, கையால் செய்யுமிடம். நீராவி வந்து கைவேலையை எந்திரத்துக்கு மாற்றிய காலத்தில் ஃபேக்டரி என்ற குட்டைச் சொல்லே நிலைத்தது.

அதன்பின் பொருளைத் தீர்மானித்தது தலை எண்ணிக்கை. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டத்தில் (1881) எந்திர விசையோடு 100 பேராவது வேலை செய்தால்தான் ஃபேக்டரி. 1891-ல் அது 50 ஆனது, 1922-ல் 20. சுதந்திர இந்தியாவின் 1948 சட்டம் மின்விசை இருந்தால் 10, இல்லாவிட்டால் 20 என்றது. கடந்த 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் அத்தனை பேர் வேலை செய்திருந்தால் போதும். கூலி வாங்காமல் வேலை செய்தவரும் கணக்கில் வருவார். அந்தச் சட்டப்படி தண்ணீர் இறைக்கும் நிலையம்கூட ஃபேக்டரி ஆகலாம். முப்பது பேர் வேகிற ஓட்டல் சமையலறை ஆகாது.

அரை நூற்றாண்டுக்கு மேல் நின்ற அந்த எண்ணும் ஏறிவிட்டது. 2020-ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பில் மின்விசையோடு 20, இல்லாமல் 40. பன்னிரண்டு பேர் கடைசல் பிடிக்கும் ஒரு லேத் பட்டறையை எடுத்துக்கொள்வோம். பழைய சட்டத்தில் அது ஃபேக்டரி. புதியதில் 10 பேரைத் தாண்டுவதால் வெறும் 'நிறுவனம்'. நிறுவனங்களுக்கான பொது விதிகள் உண்டு, தொழிற்சாலை என்ற தகுதி இல்லை. இன்னும் எட்டுப் பேரைச் சேர்த்தால் அந்தத் தகுதி திரும்பக் கிடைக்கும். சிறு பட்டறைக்காரர் இதைச் சுமை இறங்கியதாகப் பார்க்கிறார். தொழிற்சங்கங்கள் பாதுகாப்பு இறங்கியதாகப் பார்க்கின்றன. லேத் சுழலும் வேகம் இரண்டு சட்டத்திலும் ஒன்றுதான் என்பதால், எனக்குச் சங்கங்களின் கவலை நியாயமாகப் படுகிறது.