42 கி.மீ கயிறு... 420 மீட்டர் நூல்! மேசையில் உருவாகும் 'விக்டரி' போர்க்கப்பல்

ஒரு மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஏறக்குறைய அதே நீளத்துக்கு ஒரே ஒரு கப்பலில் கயிறு கட்டியிருந்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா? இங்கிலாந்தின் புகழ்பெற்ற 'ஹெச்.எம்.எஸ் விக்டரி' போர்க்கப்பலில் அவ்வளவு கயிறு இருந்தது. அந்தக் கயிறுகள் ஓடுவதற்கு 768 கப்பிகளும் இருந்தன.

இந்தக் கப்பலை 100-ல் ஒரு பங்கு அளவில் மரத்தில் செய்து வீட்டில் வைப்பது, உலகம் முழுக்கப் பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. செய்து முடித்தால் சுமார் ஒரு மீட்டர் நீளம் வரும். 42 கிலோமீட்டரை 100-ஆல் வகுத்தால் 420 மீட்டர். அத்தனை நூலையும் விரல் நுனியாலும் சாமணத்தாலும் கட்ட வேண்டும்!

கப்பலின் உடல் பகுதியைச் செய்து முடித்ததும் பாதி வேலை தீர்ந்தது என்று புதியவர்கள் நினைப்பார்கள். உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

கயிறுதான் இன்ஜின்!

விக்டரி கடலில் இறக்கப்பட்டது 1765-ல். நீராவி இன்ஜின் கப்பலுக்கு வராத காலம். 104 பீரங்கிகளையும் 800-க்கும் மேற்பட்ட ஆட்களையும் சுமந்த இந்த மரக்கோட்டையைக் காற்று மட்டுமே நகர்த்தியது. காற்றைப் பிடிப்பது பாய். பாயை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் சுருட்டவும் கயிறு வேண்டும். பாய்மரம் சாயாமல் நிற்பதற்கும் கயிறுதான் வேண்டும்.

அதனால்தான் அந்தக் காலக் கடற்போரில் எதிரிக் கப்பலின் பாய்மரங்களையும் கயிறுகளையும் குறிவைத்துச் சுடுவது ஒரு முக்கிய உத்தி. கயிறு அறுந்தால் கப்பல் நகராது. நகராத கப்பல் சுலபமான இலக்கு. 1805 அக்டோபர் 21-ல் நடந்த ட்ரஃபால்கர் போரில் விக்டரியின் பின் பாய்மரத்தின் மேல் பகுதி உடைந்து விழுந்தது. தளபதி நெல்சனின் உயிரைப் பறித்த குண்டும், 'ரெடூட்டபிள்' என்ற பிரெஞ்சுக் கப்பலின் பாய்மர மேடையிலிருந்து சுடப்பட்டதுதான்.

ஆகவே, மாடல் கப்பலில் கட்டும் நூல் வெறும் அலங்காரம் இல்லை. ஒவ்வொரு நூலும் நிஜக் கப்பலில் ஒரு வேலை செய்த கயிறு. எங்கே ஆரம்பித்து, எந்தக் கப்பி வழியாக ஓடி, எங்கே கட்டப்பட்டது என்று தெரிந்தால்தான் கட்டவே முடியும்.

கறுப்பு நூல், பழுப்பு நூல்

பாய்மரக் கப்பலின் கயிறுகள் இரண்டு வகை. முதல் வகை அசையாதவை. பாய்மரத்தை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் இழுத்துப் பிடித்து நிறுத்துபவை. மழையிலும் உப்புக்காற்றிலும் மட்காமல் இருக்க இவற்றுக்குத் தார் பூசுவார்கள். அதனால் மாடலில் இவற்றுக்குக் கறுப்பு அல்லது கரும்பழுப்பு நூல்.

இரண்டாவது வகை ஓடும் கயிறுகள். கப்பிகள் வழியாக ஓடி, பாய்களையும் பாயைத் தாங்கும் குறுக்குக் கம்பங்களையும் இயக்குபவை. இந்தக் குறுக்குக் கம்பத்தை நம்மூர்த் தோணிக்காரர்கள் 'பருமல்' என்பார்கள். ஓடும் கயிறுகளுக்கு வெளிர் பழுப்பு நூல்.

முதலில் அசையாத கயிறுகள், பிறகு ஓடும் கயிறுகள் என்பதுதான் பொதுவான வரிசை. கீழிருந்து மேலே, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் போக வேண்டும். வரிசை மாறினால், உள்ளே ஒரு முடிச்சுப் போட வேண்டிய இடத்துக்கு விரல் நுழையாது. ஏற்கெனவே கட்டியதை அறுத்துவிட்டுத் திரும்பவும் கட்ட வேண்டியதுதான்.

அளவில் ஒரு பொறி

எந்தக் கயிறு எவ்வளவு தடிமன்? இதற்குப் பழைய ஆவணம் இருக்கிறது. 1794-ல் லண்டனில் டேவிட் ஸ்டீல் வெளியிட்ட நூலில், கப்பலின் ரகத்துக்கு ஏற்ப எந்தக் கயிறு எத்தனை அங்குலம் என்ற பட்டியல்கள் உள்ளன. ஆனால், அதில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் கயிற்றை அளந்தது சுற்றளவில், விட்டத்தில் அல்ல!

ஆகவே, 19 அங்குலக் கயிறு என்று இருந்தால் அதை 3.14-ஆல் வகுக்க வேண்டும். விட்டம் சுமார் 6 அங்குலம், அதாவது 15 சென்டிமீட்டர் வரும். 100-ல் ஒரு பங்கு மாடலுக்கு 1.5 மில்லிமீட்டர் நூல் போதும். கணக்கை மறந்து 19 அங்குலத்தை விட்டமாக எடுத்துக்கொண்டால், கப்பலில் நூலுக்குப் பதில் தாம்புக்கயிறு தொங்குவதுபோல இருக்கும்.

கடையில் கிடைக்கும் நூலில் திருப்தி அடையாதவர்கள், சின்ன இயந்திரம் வைத்து மூன்று இழைகளை முறுக்கித் தாங்களே கயிறு திரிக்கிறார்கள். நிஜக் கப்பலுக்கும் அப்படித்தான் திரித்தார்கள். விக்டரி கட்டப்பட்ட சாத்தம் நகரத்தில் கயிறு திரிக்கும் பழைய கட்டடம் இன்றும் இருக்கிறது. அதன் நீளம் 346 மீட்டர். நீளமான கயிறு திரிக்க நீளமான கூடம் வேண்டுமே! அங்கே இன்றும் கயிறு திரிக்கிறார்கள்.

ஆயிரம் முடிச்சு ஏணி

பாய்மரத்தின் இரு பக்கமும் வலைபோல ஒரு கயிற்று ஏணியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். மாலுமிகள் மேலே ஏறியது அதில்தான். செங்குத்தாகப் போகும் கயிறுகளுக்கு 'ஷ்ரௌட்' என்று பெயர், குறுக்குப்படிகளுக்கு 'ரேட்லைன்'.

ஷ்ரௌட் கயிறுகளை இடது, வலது என மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும். ஒரே பக்கமாகக் கட்டிக்கொண்டே போனால் பாய்மரம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று துளை கொண்ட வட்ட மரக்கட்டைகள் இரண்டு, ஒன்றுக்கு மேல் ஒன்றாக வரும். துளைகள் வழியாக நூலைக் கோத்து இழுத்தால் கயிறு விறைப்பாகும். இரண்டு கட்டைகளுக்கும் உள்ள இடைவெளி எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்க, கம்பியை வளைத்து ஓர் அளவுகோல் செய்துகொள்வது அனுபவசாலிகளின் வழி.

அடுத்து ரேட்லைன். மாடலில் படிக்கும் படிக்கும் இடைவெளி சுமார் 4 மில்லிமீட்டர். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு ஷ்ரௌட் கயிற்றைச் சந்திக்கும் இடத்தில் முடிச்சு. மொத்தம் ஆயிரத்தைத் தாண்டும். காகிதத்தில் கோடு போட்டுப் பின்னால் வைத்துக்கொண்டால் படிகள் கோணாது. முடிச்சை அதிகமாக இறுக்கினால் ஷ்ரௌட் கயிறுகள் இடுப்புபோல உள்வாங்கிவிடும். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காமல், தினமும் சில வரிசை என்று போவதே நல்லது.

கவனிக்க வேண்டியவை

* நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொண்டால் பிசிறு அடங்கும்.

* பருமலை மேலே ஏற்றுவதற்கு முன்பே கப்பிகளை அதில் கட்டிவிட வேண்டும். ஏற்றிய பிறகு கட்டுவது பெரும்பாடு.

* பருத்தி நூல் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப இறுகும், தளரும். ஆகவே, வீணைத் தந்திபோல முறுக்கேற்ற வேண்டாம்.

* முதல் முயற்சிக்கு விக்டரி வேண்டாம். ஒற்றைப் பாய்மரப் படகில் ஆரம்பித்தால், அதே முடிச்சுகளைக் குறைந்த எண்ணிக்கையில் கற்றுக்கொள்ளலாம்.

சிறையில் பிறந்த கப்பல்கள்

இந்தக் கலைக்குச் சோகமான ஒரு பக்கமும் உண்டு. இங்கிலாந்தின் பீட்டர்பரோ அருகே, நார்மன் கிராஸ் என்ற இடத்தில் 1797-ல் போர்க்கைதிகள் முகாம் திறக்கப்பட்டது. அங்கே அடைக்கப்பட்ட பிரெஞ்சுக் கைதிகள், சாப்பாட்டில் மிஞ்சிய எலும்புகளைச் செதுக்கிப் போர்க்கப்பல் மாடல்கள் செய்தார்கள். கயிறுகளுக்குப் பட்டு நூலும் தலைமுடியும். முகாம் வாசலில் நடந்த சந்தையில் விற்றுக் கொஞ்சம் காசு பார்த்தார்கள். அந்த எலும்புக் கப்பல்கள் இன்று பீட்டர்பரோ அருங்காட்சியகத்தின் பொக்கிஷம்.

20-ம் நூற்றாண்டில் நெப்பியன் லாங்ரிட்ஜ் என்ற ஆங்கிலேய மருத்துவர், விக்டரியை 48-ல் ஒரு பங்கு அளவில் செய்தார். ஒவ்வொரு கயிற்றையும் எப்படிக் கட்டினார் என்பதை 1955-ல் புத்தகமாகவும் எழுதினார். விக்டரி செய்பவர்கள் இன்றும் அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள்.

நிஜத்தில் இல்லாதது, மாடலில் இருக்கிறது

விக்டரி இன்றும் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் இருக்கிறது. 1922 முதல் உலர்துறையில் நிற்கும் அதன் மரங்களைப் பூஞ்சையும் வண்டும் அரித்தன. பழுதுபார்ப்பதற்காக 2011-ல் மேல் பாய்மரங்களும் கயிறுகளும் கழற்றப்பட்டன. 2021-ல் நடுப் பாய்மரமும் இறக்கப்பட்டது. பல ஆண்டுகள் நீளும் பணி இது.

கப்பலில் சீக்கிரம் மட்கிப்போவது கயிறுதான். பீரங்கி இருக்கும், நங்கூரம் இருக்கும், மரம்கூடப் பல நூற்றாண்டுகள் நிற்கும். கயிற்றை மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை புதிதாகக் கட்டியாக வேண்டும். அதற்குக் கட்டத் தெரிந்த கைகள் தொடர்ந்து இருக்க வேண்டும். போர்ட்ஸ்மத்தின் நிஜக் கப்பலில் மறுபடி கயிறு ஏறும் நாள் வரை, முழுக் கயிறுகளோடு நிற்கும் விக்டரியைக் காட்டுபவை, எங்கோ ஒரு மேசையில் ஒவ்வொரு முடிச்சாக எழும் இந்தச் சின்னக் கப்பல்கள்தான்!