தச்சருக்கும் கொத்தனாருக்கும் ஒரு கல்லூரி!

பகலில் வேலை. மாலையில் கல்லூரி!

அமெரிக்காவில் வீடு கட்டும் தொழிலாளர்கள் பலர் இப்படிப் படிக்கிறார்கள்.

"தொழில் தெரிந்தவருக்குக் கல்லூரி எதற்கு?" என்று கேட்கலாம். கரணை பிடிக்கக் கை பழகிவிடும். ஆனால் சுவர் ஏன் வெடித்தது, மரம் ஏன் மக்கிப்போனது என்ற காரணத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதைச் சொல்லித் தருவதுதான் இந்தச் சமுதாயக் கல்லூரி.

6 மாணவர்கள்

1901-ம் ஆண்டு. சிகாகோ நகருக்கு அருகே ஜோலியட் என்ற ஊர். அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் கல்லூரிப் பாடமும் தொடங்கினார்கள். வெளியூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போக வசதி இல்லாத பிள்ளைகள் சொந்த ஊரிலேயே படிக்கலாம் என்பது நோக்கம்.

முதலில் சேர்ந்தவர்கள் 6 பேர்தான். இன்று அந்த நாட்டில் இப்படி ஏறத்தாழ 1,000 கல்லூரிகள் இருக்கின்றன.

சம்பளமும் குறைவு. கலிபோர்னியாவில் அந்த மாநிலத்தாருக்கு ஒரு "யூனிட்" பாடத்துக்கு 46 டாலர் என்று 2012-ல் வைத்தார்கள். ஒரு பாடம் பெரும்பாலும் 3 யூனிட். அதாவது 138 டாலர்.

வயது வந்தவர்களும் சேரலாம். வரைபடம் பார்ப்பது, செலவுக் கணக்குப் போடுவது, கட்டிட விதிகள், விபத்து வராமல் வேலை செய்வது எல்லாம் பாடம். பல கல்லூரிகளில் மாணவர்கள் சேர்ந்து உண்மையான வீடே கட்டுகிறார்கள்!

2 ஆண்டு படித்தால் "அசோசியேட்" பட்டம். விரும்பினால், பிறகு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மேலே படிக்கலாம்.

சுவருக்கு வியர்க்கும்!

"கட்டிட விஞ்ஞானம்" என்று ஒரு பாடம் உண்டு. அதில் ஒரு விஷயத்தைக் கேளுங்கள்.

ஐஸ் தண்ணீர் வைத்த டம்ளரின் வெளிப்புறத்தில் முத்து முத்தாய் நீர் நிற்கும். டம்ளர் ஒழுகவில்லை. காற்றில் உள்ள ஈரம், குளிர்ந்த இடத்தில் பட்டு நீராகிறது.

அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசங்களில் வீட்டுச் சுவரிலும் இதுவே நடக்கிறது. பெரும்பாலும் மர வீடுகள். உள்ளே வெப்பம், வெளியே பனி. சமையல், குளியல், மூச்சு எல்லாவற்றாலும் எழும் ஈரம், சந்து வழியே சுவருக்குள் புகுகிறது. குளிர்ந்த பலகையில் பட்டு நீராகிறது. மரம் மக்கிவிடுகிறது.

1973-ல் எண்ணெய் விலை ஏறியது. வெப்பம் வெளியேறாமல் இருக்கச் சுவருக்குள் பஞ்சு போன்ற பொருளை அடைத்தார்கள். செலவு குறைந்தது. ஆனால் உள்ளே புகுந்த ஈரம் காய வழி இல்லாமல் போயிற்று! அதன் பிறகுதான் இந்தப் பாடத்தின் அருமை பலருக்குத் தெரிந்தது.

சந்து எங்கே என்று கண்டுபிடிக்க, வாசலில் பெரிய விசிறியைப் பொருத்திக் காற்றை வெளியே இழுக்கிறார்கள். இடுக்குகளின் வழியே வெளிக்காற்று உள்ளே பாய்கிறது. புகையைக் காட்டினால் இடம் தெரிந்துவிடும்.

ஒரு வாளித் தண்ணீர்

நமக்கும் பயன்படும் பாடம் ஒன்று: காங்கிரீட்.

கலவை இளகலாக இருந்தால் கொட்டுவது சுலபம். ஆகவே தண்ணீரைக் கூட்டி ஊற்றுவார்கள். அது தவறு! சிமெண்டுக்குத் தேவைக்கு மேல் சேர்த்த தண்ணீர், காய்ந்த பின் நுண்ணிய ஓட்டைகளை விட்டுச் செல்கிறது. பலம் குறைகிறது. 1918-ல் சிகாகோவில் டஃப் ஆப்ராம்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இதைச் சோதனை செய்து வெளியிட்டார்.

"எம்-20" ரகக் கலவைக்கு, 50 கிலோ சிமெண்டு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்பது நமது நாட்டுத் தர விதி. ஆனால் தளம் இறுகிய பின் தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருக்க வேண்டும். குறைந்தது 7 நாள்; கடும் வெயிலில் 10 நாள்.

கலக்கும்போது அளவாக, இறுகிய பின் தாராளமாக. இதை மாற்றிச் செய்தால் வீட்டுக்கே கேடு.

நம் நாட்டில்

சமுதாயக் கல்லூரி நமக்கும் புதியது அல்ல. 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. டிப்ளமா படிக்கப் பாலிடெக்னிக்குகளும், தொழில் பழக ஐ.டி.ஐ.களும் உள்ளன.

நகையை விற்று, கடன் வாங்கி, ஒரு குடும்பம் வீடு கட்டுகிறது. அந்தப் பணம் முழுவதும் கொத்தனார் கையில்தான் இருக்கிறது. அவர் காரணம் தெரிந்து வேலை செய்தால், வீட்டில் குடியிருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.